கச்சேரிக்கு வெயிட் கம்மியான பாஸ் ஹெட் எது வாங்கலாம்? தூக்கி தூக்கி இடுப்பு போச்சு

நாலு_கம்பி:
வணக்கம் மக்களே. லைட் மியூசிக் ட்ரூப்ல பாஸ் கிட்டார் வாசிக்கிறேன், சென்னையும் சுத்துப்பட்டும்தான் பெரும்பாலும். முகூர்த்த மாசம்னா ரிசப்ஷன், ஆடி வந்தா அம்மன் கோயில் கச்சேரி, நடுவுல எப்பவாவது ஐடி கம்பெனி ஷோ. இப்ப கைல இருக்கற ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி, அந்தக் காலத்து ரேக் ஐட்டம், உள்ள பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், கேஸோட சேர்த்து தூக்கிட்டு மாடி மண்டபம் ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது. லிஃப்ட் இருக்கும், ஆனா அது சமையல்காரங்க பாத்திரத்துக்கு மட்டும்தான்னு சொல்லிடுவாங்க.

கேப் (ஸ்பீக்கர் பெட்டி) 12 இன்ச் ஒத்தை ஸ்பீக்கர், 8 ஓம். பின்னாடி அதே மாதிரி இன்னொன்னு சேர்க்கலாம்னு ஐடியா இருக்கு. பாஸ் 5 ஸ்ட்ரிங். ஹெட் பேக்ல போட்டு ஸ்கூட்டர்ல கொண்டு போற மாதிரி இருக்கணும், அவ்ளோதான் ஆசை.

லிஸ்ட்ல இருக்கறது: மார்க்பாஸ் லிட்டில் மார்க், அகுய்லார் டோன் ஹாமர் 500, டார்க்கிளாஸ் மைக்ரோட்யூப்ஸ் 500, ஃபெண்டர் ரம்பிள் 800. அப்புறம் உள்ளங்கை சைஸ்ல வார்விக் நோம், ட்ரேஸ் எலியட் எல்ஃப்னு 200 வாட்ஸ் ஐட்டம்லாம் பாத்தேன், அதெல்லாம் நிஜமாவே மேடைக்கு ஆகுமா இல்ல வீட்டுல வாசிக்கத்தானா? 500க்கும் 800க்கும் பெரிய வித்தியாசம் தெரியுமா? இந்த லைட் ஹெட்ல இருக்கற க்ளாஸ் டி ஆம்ப்னா சத்தம் அடி வயித்துல இறங்காதுன்னு எங்க ட்ரூப் கீபோர்ட் அண்ணன் வேற சொல்லி வெச்சிருக்காரு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

லோ_பி_வாசி:
ப்ரோ முதல்ல வாட்ஸ் மயக்கத்துல இருந்து வெளிய வாங்க. பவர் டபுள் ஆனா 3 டெசிபல்தான் கூடும். 300ல இருந்து 500க்குப் போனா ரெண்டு டெசிபல் சொச்சம், பக்கத்து பக்கத்துல வெச்சு கேட்டாத்தான் பிடிபடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமாரா 10 டெசிபல் வேணும், அதுக்கு பவர் பத்து மடங்கு. 500க்கும் 800க்கும் நடுவுல இருக்கறது வெறும் 2 டெசிபல். அதுக்காக காசு கொட்டாதீங்க.

அதவிட முக்கியமானது ஓம் கணக்கு, அதாவது கேப்போட மின்தடை. பெட்டி மேல 500 வாட்ஸ்னு போட்டிருக்கறது 4 ஓம்ல. உங்க கிட்ட இருக்கற ஒத்த கேப் 8 ஓம், அதுல டோன் ஹாமர் 500 குடுக்கறது 250 வாட்ஸ். லிட்டில் மார்க் 3 எடுத்துக்கிட்டா 4 ஓம்ல 500, 8 ஓம்ல 300. எல்ஃப் 4 ஓம்ல 200, 8 ஓம்ல 130. அதனால நீங்க இப்போ ஒத்த கேப்ல வாசிக்கிற வரைக்கும் பெட்டில போட்ட நம்பர்ல பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் மேலனு மனசுல வெச்சிக்கிட்டு பாருங்க.

இன்னொரு 8 ஓம் கேப் சேர்த்தீங்கனா ரெண்டும் பேரலல்ல சேர்ந்து 4 ஓம் ஆயிடும், ஹெட் முழு பவர் குடுக்கும், ஸ்பீக்கர் பரப்பும் டபுள் ஆகும், ரெண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 5, 6 டெசிபல் கூடும். எந்த ஹெட் மாத்தினாலும் இந்த அளவு வித்தியாசம் வராது. என்னைக் கேட்டா சின்ன ஹெட்டா வாங்கிட்டு மிச்ச காசுல அந்த ரெண்டாவது கேப் வாங்குங்க. ஆனா ஒண்ணு, 4 ஓம் கேப் ரெண்டு வாங்கிடாதீங்க, அது 2 ஓம்ல போய் நிக்கும், பெரும்பாலான லைட் ஹெட் 4 ஓமுக்குக் கீழ தாங்காது. மெஸா சப்வே டி-800 மாதிரி 2 ஓமுக்குன்னே ஸ்விட்ச் வெச்ச ஒரு சிலதுதான் தாங்கும்.

மேடை_ஓரம்:
எதுக்கு தல ஹெட்டே? நான் ஆம்ப் தூக்கறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. பேக்ல ஒரு சான்ஸ்ஆம்ப் பெடல் (ஆம்ப் மாதிரியே சத்தம் குடுக்கற சின்ன பெட்டி), ஒரு இன்-இயர் (காதுல மாட்டற மானிட்டர்), அவ்ளோதான். நேரா சவுண்ட்காரர் கைல எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கு போடற கேபிள்) குடுத்துட்டு வேலையப் பாக்கறேன். ஆடியன்ஸுக்கு போற சத்தம் எப்படியும் பிஏ (ஆடியன்ஸுக்கு வெக்கற பெரிய ஸ்பீக்கர் செட்டு) வழியாத்தான் போகுது, உங்க கேப்ல இருந்து மூணாவது வரிசைய தாண்டி ஒண்ணும் போறதில்ல.

நாலு_கம்பி:
@மேடை_ஓரம் அண்ணே நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்களுக்கு வர சவுண்ட் செட்டு பத்தி உங்களுக்கு தெரியாதா, மேடைல மொத்தம் ரெண்டு மானிட்டர், ரெண்டும் பாடறவங்க முன்னாடி. அதுல பாஸ் குடுங்கண்ணேனு கேட்டா "பாடறவங்களுக்கு டிஸ்டர்ப் ஆகுது தம்பி"னு ஃபேடர இறக்கிடுவாரு. ரிதம் பேடும் தபேலாவும் பக்கத்துலயே கத்திட்டு இருக்கும்போது என் சத்தம் எனக்கே கேக்கலனா எண்பதுகள் பாட்டெல்லாம் எப்படி வாசிக்கிறது, அந்த பாட்டுல பாஸ் ஒரு இடத்துல நிக்காம ஓடிட்டே இருக்கும். இன்-இயருக்கு தனி மிக்ஸ் குடுக்கற கன்சோல் எல்லா ஊர்லயும் வராது. அதனால என் பின்னாடி ஒரு கேப் கண்டிப்பா வேணும்.

@லோ_பி_வாசி ஓம் விஷயம் இப்பதான் தெளிவா புரிஞ்சுது, நன்றி ப்ரோ.

மிக்ஸர்_மாமா:
சவுண்ட்காரர எல்லாரும் திட்டறீங்க, சரி நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசறேன் 😄

தம்பி, ஹெட் வாங்கும்போது முன்னாடி இருக்கற நாபு எல்லாத்தையும் பாக்கறதுக்கு முன்னாடி அதத் திருப்பி பின்னாடி பாருங்க. மிக்ஸருக்கு லைன் குடுக்கற டிஐ அவுட் எக்ஸ்எல்ஆர் இருக்கணும், அதுக்கு பக்கத்துல ப்ரீ/போஸ்ட் ஸ்விட்ச், க்ரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் ரெண்டும் இருக்கணும். போஸ்ட்ல (இக்யூ, அதாவது டோன் நாபுக்கு அப்புறம் சிக்னல் எடுக்கறது) வெச்சீங்கன்னா நீங்க மேடைல பேஸ் நாப திருப்பும்போதெல்லாம் எனக்கு வெளிய சப்வூஃபர் திருப்பிக்கும், மண்டபத்து மூலைல பொம்முனு அடிக்கும், கல்யாண வீட்டுக்காரர் வந்து என் சட்டைய பிடிப்பாரு. அதனால ப்ரீல (நாபுக்கு முன்னாடியே எடுக்கறது) வெச்சு குடுங்க, மேடைல உங்க இஷ்டத்துக்கு திருப்பிக்கோங்க. டார்க்கிளாஸ் மாதிரி டிஸ்டார்ஷன்தான் சவுண்டேனு இருந்தா போஸ்ட் குடுத்துத்தான் ஆகணும், அப்போ சவுண்ட் செக்குக்கு அப்புறம் இக்யூ மேல கை வைக்காதீங்க.

ம்யூட் பட்டன் டிஐயையும் சேர்த்து அடைக்குதானும் கடையில கேட்டுக்கோங்க. சில ஹெட்ல ஸ்பீக்கர் மட்டும்தான் அடையும், நீங்க ட்யூன் பண்றது ஊருக்கே கேக்கும்.

அப்புறம் ஹம் (ம்ம்ம்னு ஒரு இரைச்சல்) வந்தா க்ரவுண்ட் லிஃப்ட அமுக்குங்க. அது எக்ஸ்எல்ஆர் கேபிளோட பின் 1 கனெக்‌ஷன மட்டும்தான் துண்டிக்கும், கரண்டு எர்த்த தொடாது. ஹம் போகணும்னு ப்ளக்ல எர்த் பின்ன உடைக்கற ஆளுங்கள நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அந்த வேலை மட்டும் வேண்டாம். ஸ்ட்ரிங் உங்க ஹெட்டோட எர்த்ல இருக்கு, மைக் எங்க பிஏ எர்த்ல இருக்கு. ஒரு பக்கம் எர்த் இல்லாம போச்சுனா கோரஸ் பாட மைக்குல வாய வைக்கும்போது உதட்டுல அடிக்கும். ஈரத் தரையில வெறுங்கால்ல நின்னா, கோயில் கச்சேரில அப்படித்தான் நிப்பீங்க, ஆளே போயிடலாம். மேடைக்கு போனதும் ஸ்ட்ரிங்க தொட்டுக்கிட்டு மைக்குல வாய வைக்கறதுக்கு முன்னாடி டெஸ்டர வெச்சு மைக் மேல இருக்கற கம்பி வலையையும் ஸ்ட்ரிங்கையும் ஒரு தடவ பாத்துடுங்க, வெக்கப்படாதீங்க.

கிண்டி_க்ரூவ்:
கீபோர்ட் அண்ணன் சொன்னதுக்கு வரேன். க்ளாஸ் டில அடி இறங்காதுனு சொல்றது பாதி நிஜம் பாதி பழக்கம். எடை ஏன் குறையுதுன்னா, பழைய ஹெட்ல டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸ்ல வேலை செய்யணும், அதுக்கு கிலோ கணக்குல இரும்பு வேணும். லைட் ஹெட்ல இருக்கற எஸ்எம்பிஎஸ்ல (ஸ்விட்சிங் பவர் சப்ளை) அதே வேலைய பல்லாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல செய்யறாங்க, டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டி சைஸுக்கு வந்துடுது. அவுட்புட் டிரான்ஸிஸ்டரும் முழுசா ஆன் இல்ல முழுசா ஆஃப், நடுவுல நின்னு சூடாகறதில்ல, அதனால பெரிய ஹீட்சிங்க்கும் தேவையில்ல. 1969ல வந்த ஆம்பெக் எஸ்விடி ட்யூப் ஹெட் 300 வாட்ஸ், எடை 40 கிலோவ நெருங்கும். டோன் ஹாமர் 500 ரெண்டு கிலோ கூட கிடையாது.

இதுல சத்தத்த கெடுக்கற விஷயம் ஒண்ணும் இல்ல. வித்தியாசம் எங்க வருதுன்னா, எஸ்விடிய திணறடிச்சா ட்யூப் மெல்ல மெல்ல அமுங்கி வழியும், அந்த அமுக்கம்தான் காதுக்கு கனமா படுது. க்ளாஸ் டிய திணறடிச்சா லிமிட்டர் (சத்தம் எல்லை தாண்டாம தடுக்கற சர்க்யூட்) வந்து டக்குனு தலைய அமுக்கும். அதனால இதுல கொஞ்சம் பவர் மிச்சம் வெச்சு வாசிக்கணும், 200 வாட்ஸ்ல ஒத்த 8 ஓம் கேப்னா மிச்சம் இருக்காது. வீட்டு ஹாலுக்கு, அக்கூஸ்டிக் செட்டுக்கு, சின்ன சர்ச்சுக்கு நோம் தாராளம், ரிதம் பேடும் ட்ரம்ஸும் இருக்கற மேடைக்கு நான் எடுக்க மாட்டேன். ஆனா பேக்ல ஸ்பேரா போட்டு வைக்க அத அடிச்சுக்க ஆளில்ல, ஒரு கிலோ கூட இல்ல.

நிறைய கம்பெனி பவர் மாட்யூல தாங்களே செய்யறதில்ல, டென்மார்க் ஐஸ்பவர் மாதிரி இடத்துல இருந்து வாங்கி போடறாங்க. அதனால சத்தம் வித்தியாசப்படறது ப்ரீஆம்ப்லதான் (டோன் நாபு இருக்கற முன் பகுதி), நீங்க காசு குடுக்கறதும் அதுக்குத்தான்.

மாம்பலம்_ஸ்லாப்:
லிஸ்ட்ல இருக்கறத பத்தி யாரும் பேசலையே, நான் பேசறேன்.

உங்க வேலைக்கு நான் கை காட்டறது லிட்டில் மார்க். காரணம் நடு நாபு ரெண்டு. லோ 40 ஹெர்ட்ஸ், லோ மிட் 360, ஹை மிட் 800, ஹை 10 கிலோஹெர்ட்ஸ்னு நாலு இருக்கு, மேடைல உங்களுக்கு வேலை அந்த 360லயும் 800லயும்தான். மண்டபத்துல பாஸ் கேக்கலனா எல்லாரும் லோ நாபத்தான் திருப்புவாங்க, 40 ஹெர்ட்ஸ்ல 6 டெசிபல் ஏத்தினா ஆம்புக்கு அந்த இடத்துல நாலு மடங்கு பவர் வேணும், உங்க 12 இன்ச் ஸ்பீக்கர் வெளிய வந்து உள்ள போயிட்டு இருக்கும், சத்தம் மட்டும் கேக்காது. 800 பக்கம் கொஞ்சம் ஏத்துங்க, விரல் படற சத்தமே தெளிவா எந்திரிச்சு வரும். தபேலா டக்கா இருக்கறப்போ லோ மிட்ட கொஞ்சம் இறக்குங்க, ரெண்டும் மோதாது. விபிஎஃப்னு ஒரு நாபு இருக்கு, அது 380 பக்கத்துல குழி தோண்டும், ரூம்ல தனியா ஸ்லாப் அடிக்கும்போது சொர்க்கம், மேடைல ஆன் பண்ணா ஆளே காணாம போயிடுவீங்க. அத சைஃபர்ல விட்டுடுங்க.

டோன் ஹாமர் சூடான, உருண்டையான சத்தம், மிட் ஃப்ரீக்வென்ஸிய நாமளே நகர்த்திக்கலாம், பழைய மெலடிக்கு அப்படியே உக்காரும். அவுட்புட் ஸ்பீக்கான் (திருகிப் பூட்டற ஸ்பீக்கர் கனெக்டர்) மட்டும்தான், அதுக்கு ஏத்த கேபிள் வேணும். டார்க்கிளாஸ் மெட்டல் வாசிக்கறவங்களுக்கு, ரிசப்ஷன்ல அந்த ட்ரைவ் சேனல எப்ப ஆன் பண்ணப் போறீங்கனு தெரியல. ரம்பிள் 800 8 ஓம்லயே 400 வாட்ஸ் குடுக்கும், ஒத்த கேப்ல வாசிக்கறவங்களுக்கு அது பெரிய ப்ளஸ், எடை ரெண்டரை கிலோ சொச்சம்.

5 ஸ்ட்ரிங்னு சொன்னீங்க. லோ பி (அந்த அஞ்சாவது தடிக் கம்பி) 31 ஹெர்ட்ஸ், உங்க கேப்ல அது முழுசா வரவே வராது, நாம கேக்கறது பெரும்பாலும் அதுக்கு மேல இருக்கற ரெண்டு மடங்கு ஹார்மோனிக், 62. அதனால ஹை பாஸ் ஃபில்டர் (ரொம்ப அடி சத்தத்த வெட்டறது) இருந்தா 35, 40ல வெட்டி விட்டுடுங்க, ஹெட்லயே இல்லனா சின்ன பெடலா கூட கிடைக்குது. ஸ்பீக்கர் சும்மா ஆடறது நிக்கும், அந்த பவர் கேக்கற சத்தத்துக்கு வரும்.

சால்டரிங்_கன்:
ரிப்பேர் பத்தி யாரும் வாய திறக்கல. உங்க பழைய ஹெட்ல டிரான்ஸிஸ்டர் போச்சுனா ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி தெரிஞ்ச மெக்கானிக்கே சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுத்துடுவாரு. க்ளாஸ் டி எல்லாம் எறும்பு சைஸ் பார்ட்ஸ் ஒட்டின போர்டு, பவர் மாட்யூல் போச்சுனா மாட்யூலயே மாத்தணும், அது கம்பெனில இருந்து வரணும். அதனால இங்க டீலரும் சர்வீஸும் இருக்கற ப்ராண்டா வாங்குங்க, பில்லோட. சொந்தக்காரர் அமெரிக்காவுல இருந்து வரும்போது எடுத்துட்டு வரச் சொல்றதா இருந்தா பின்னாடி வோல்டேஜ் என்ன எழுதியிருக்குனு போட்டோ அனுப்பச் சொல்லி பாருங்க. 100-240னு இருந்தா பிரச்சனை இல்ல. 115/230 செலக்டர் ஸ்விட்ச் இருந்தா இங்க சொருகறதுக்கு முன்னாடி 230க்கு மாத்தணும். வெறும் 120னு மட்டும் இருந்தா தொடாதீங்க, சொருகின நிமிஷம் புகை.

கோயில் கச்சேரில ஜெனரேட்டர் பத்தி தனியா சொல்லணும். மூணு ஃபேஸ் ஜெனரேட்டர்ல நியூட்ரல் ஒயர் லூஸ் ஆச்சுனா 230 வர வேண்டிய ப்ளக்ல 300, 400 வரைக்கும் ஏறும். எஸ்எம்பிஎஸ் என்ன தரமா இருந்தாலும் தாங்காது. ஒரு சின்ன மல்டிமீட்டர் பேக்ல போட்டுக்கோங்க, ஹெட்ட சொருகறதுக்கு முன்னாடி ப்ளக் பாயின்ட்ல வோல்டேஜ பாருங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஒரு தடவ பாத்துடுங்க, 230 பக்கத்துல காட்டலனா அந்த பாயின்ட்ல எர்த் இல்லனு அர்த்தம். எலக்ட்ரிக்கல் கடையில ஹை வோல்டேஜ் வந்தா கட் பண்ற ப்ரொடெக்டர் கிடைக்கும், ஃப்ரிட்ஜுக்கு போடறது, அதையே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு முன்னாடி போட்டுக்கலாம்.

ஸ்பீக்கர் கேபிளுக்கு கிட்டார் கேபிள போடாதீங்க, ரெண்டும் பாக்க ஒரே ஜாக் மாதிரி இருக்கும். கிட்டார் கேபிள் உள்ள தலைமுடி மாதிரி ஒயர், சூடாகி உருகி ஷார்ட் ஆச்சுனா ஹெட் போயிடும். நிறைய க்ளாஸ் டில ஸ்பீக்கர் அவுட்டோட மைனஸ் பக்கம் க்ரவுண்டே கிடையாது, அதுல இருந்து லைன் எடுக்கறேன்னு மிக்ஸர்ல சொருகற வேலையும் வேண்டாம்.

கிண்டி_க்ரூவ்:
@சால்டரிங்_கன் அண்ணன் சொன்னதோட ஒண்ணு. லைட் ஹெட் கேப் மேல நிக்காது. லோ நோட் அடிக்க அடிக்க அதிர்வுல கொஞ்சம் கொஞ்சமா நகரும், பின்னாடி தடி ஸ்பீக்கர் கேபிள் வேற இழுக்கும், ரெண்டாவது பாட்டுல எட்டிப் பாத்தா விளிம்புல தொங்கிட்டு இருக்கும். அடில ரப்பர் மேட் போடுங்க, இல்ல ஹெட்லயும் கேப்லயும் வெல்க்ரோ ஒட்டிடுங்க. கேபிள கேப் கைப்பிடில ஒரு சுத்து சுத்தி விட்டா இழுக்காது.

நாலு_கம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. 200 வாட்ஸ் ஐடியாவ விட்டாச்சு, டார்க்கிளாஸும் அவுட். லிட்டில் மார்க், ரம்பிள் 800 ரெண்டுக்குள்ளதான் இப்போ யோசனை, இப்போதைக்கு ஒத்த கேப்தான்றதால ரம்பிளோட 400 வாட்ஸ் கண்ண உறுத்துது, ஆனா அந்த 360, 800 நாபு கதைய கேட்டதும் மனசு அந்தப் பக்கம் போகுது. மவுண்ட் ரோட்டுல கடைக்கு போய் வாசிச்சு பாக்கலாம்னு இருக்கேன், என் கேப்பையும் எடுத்துட்டு போகணுமா?

மாம்பலம்_ஸ்லாப்:
கண்டிப்பா எடுத்துட்டு போங்க, உங்க பாஸையும். கடையில ஃபோர் டென் (10 இன்ச் ஸ்பீக்கர் நாலு) கேப்ல மாட்டி காட்டுவாங்க, அதுல எந்த ஹெட் மாட்டினாலும் நல்லாத்தான் இருக்கும். கேப்ப தரையில வைக்காதீங்க, முட்டிக்கு கீழ சத்தம் போயிட்டு இருந்தா என்ன முடிவு எடுக்க முடியும், ஒரு ஸ்டூல் மேல ஏத்தி வெச்சு ஆறேழு அடி தள்ளி நின்னு வாசிங்க. எல்லா நாபும் நடுவுல, விபிஎஃப் மாதிரி ஐட்டம் எல்லாம் சைஃபர்ல. ஸ்லாப் வேண்டாம், நீங்க கச்சேரில வாசிக்கறதயே வாசிங்க, கடைக்காரர் மூஞ்சி சுளிக்கற வரைக்கும் வால்யூம் ஏத்துங்க. நான் சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீதான், வேணும்னா வரேன், ரம்பிள் 800 ஃப்ரெண்டு கிட்ட இருக்கு, அவன கேட்டு பாக்கறேன்.

மேடை_ஓரம்:
வாங்கினதும் பழைய ஹெட் என்ன பண்ணப் போறீங்க? நம்ம பையன் ஒருத்தன் ப்ராக்டிஸ் ரூமுக்கு தேடிட்டு இருக்கான், அங்கயே கிடக்கும், தூக்கற வேலை இல்ல. விலை இன்பாக்ஸ்ல சொல்லுங்க.